இது விற்பவருக்குத் தெரியும்

தாடை முழுக்க சோப்பு நுரை ஏறிவிட்ட மனிதனுக்கு அபிப்பிராயம் சொல்லும் உரிமை கிடையாது என்பது அர்த்தநாரிக்கு அந்தப் புதன்கிழமை காலை பத்தே முக்காலுக்குத்தான் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? தண்டபாணி அதற்குள் நாற்காலியைச் சாய்த்துவிட்டார். இனிக் கூரையைப் பார்க்கலாம், கூரையில் சுற்றும் விசிறியைப் பார்க்கலாம், விசிறி இறக்கைகளின் விளிம்பில் கறுத்துக் கிடக்கும் தூசியைப் பார்த்து, ஊரார் முகத்தையெல்லாம் சுத்தம் செய்கிறவருக்குத் தன் தலைக்கு மேலே கண் போகாதா என்று கேட்கலாம், மனசுக்குள். சாய்வதற்கு முன்னால் ஒரு கணம் கண்ணாடியில் எதிர்ச்சாரி தெரிந்தது. மயிலேறி கார்ஸ். பலகையில் எழுத்துகள் இடம் வலம் மாறிக் கிடந்தன. கீழே இறக்கிவிட்ட சாம்பல் நிற ஷட்டர். அதற்கு முன்னால் பதினாலு பழைய கார்கள் நின்ற மண்தரையில் இப்போது எண்ணெய்க் கறைகள் மட்டும் வட்ட வட்டமாக. மகள் வீட்டுக்கென்று பெங்களூர் போய்ப் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டு நேற்று சாயங்காலம் தாராபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் கடையே இல்லை. கடைக்காரர் சென்னியப்பன் போனை எடுக்கவில்லை. ஐந்து தடவை அடித்தாயிற்று. ஆறாவது தடவை அடிப்பது மரியாதைக் குறைவு என்று, யாருடைய மரியாதை என்று யோசிக்காமலே, விட்டுவிட்டார். கதவு கதவாகத் தட்டி விசாரிப்பது அர்த்தநாரிக்கு வழக்கமில்லை. முப்பத்தோரு வருஷம் முன்சீப் கோர்ட்டில் வேலை பார்த்தவர். கடைசி ஒன்பது வருஷம் சிரஸ்தார், கோர்ட் ஆபீசுக்கே தலைமை. மனிதர்கள் தாமாக வந்து மேஜைக்கு முன்னால் நின்று சொல்வார்கள். அவர் நிமிராமல் கேட்டுக்கொள்வார். ஆகவே சவரம். கல்யாணத்தன்று தவிர மற்ற நாளெல்லாம் தன் முகத்தைத் தானே வழித்துக்கொண்ட மனிதர், இந்த ஊரின் புரளிகள் எந்த இடத்தில் முளைவிடுமோ அந்த இடத்தில், கார்க்கடைக்கு நேர் எதிரே, கழுத்தை நீட்டிக்கொண்டு படுத்திருந்தார். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு கேள்விக்கு விடை. கடையை மூடவைத்தது நான்தானா?

பின்னால் பெஞ்சில் இரண்டு பேர். ஒருவர் டயர்க்கடை கொளந்தவேல். கார்க்கடைக்கு அடுத்த கடை அவருடையது, வேலை நேரத்தில் பாதியைச் சலூன் பெஞ்சில் கழிப்பவர். இன்னொருவர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் தேவசகாயம். மீதிப் பாதிக்கு அவருக்குத் துணை. முடி வெட்ட வந்தவர்கள் இல்லை, இரண்டு பேருக்கும் வெட்டுகிற அளவுக்கு முடியும் இல்லை. "கன்னி மூலைல செப்டிக் டேங்கைக் கொண்டாந்து வெச்சா எந்தக் கடைதான் நிக்கும்?" என்றார் கொளந்தவேல். "நான் அன்னைக்கே சொன்னனுங். கதவு நம்பரும் பதினேழு. ஒண்ணும் ஏழும் எட்டு. எட்டுல உக்காந்துட்டு எப்படிங்க வண்டி ஓடும்?" அர்த்தநாரியின் உதடு நுரைக்கடியில் ஒரு கோணல் கோணியது. "ஆட்டாதீங்க சார்," என்றார் தண்டபாணி. ஆட்டவில்லை. கொளந்தவேலின் டயர்க்கடை பதினேழு பை ஏ. அந்த ஒற்றை 'ஏ' எழுத்துதான் இத்தனை வருஷமாக அவரைச் சனியின் பார்வையிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருக்கிறதாக்கும். இப்படிப்பட்ட மூளைகளுக்கு நடுவில்தான் அறுபத்தாறு வருஷம் வாழ்ந்தாயிற்று. கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறியவர்களும் இவர்கள்தான், இவர்களின் அப்பாக்கள்தான். பார்த்ததைச் சொல் என்றால் கேட்டதைச் சொல்வார்கள், கேட்டதைச் சொல் என்றால் நினைத்ததைச் சொல்வார்கள், நினைத்ததைச் சொல் என்று யாராவது கேட்டால் மட்டும் எனக்கொண்ணுந் தெரியாதுங்க சாமி. "அவரு எங்கிட்ட இடுப்பு வலின்னுதானுங் சொன்னாரு," என்றார் தண்டபாணி, கத்தியை ஈரத்தில் முக்கிக்கொண்டே. "குனிஞ்சு நிமிர முடியல தண்டபாணி, போதும், மகன் கூப்புடறான், ஈரோட்டுக்கே போறேன்னாரு." பெஞ்சு சிரித்தது. "இடுப்பு வலிக்கு எவனாச்சும் கடைய மூடுவானா? எனக்குந்தான் வலிக்குது. டயர் மாட்டாம இருக்கறனா?" என்றார் கொளந்தவேல். அர்த்தநாரி மனசுக்குள் அவரோடு ஒத்துப்போனார், ஒத்துப்போனதற்காக வெட்கப்பட்டார். இடுப்பு வலியாவது! வெளியூர் போகிறவன் சொல்லிவிட்டுப் போகிற சாக்கு. போதாததற்கு இன்னொருவர் வாயால் வருவது. கேள்விச் சாட்சியம், செல்லாது.

கத்தி இடது காதுக்குக் கீழே வந்து நின்றது. குளிர்ச்சி. மனித உடம்பில் இவ்வளவு மெல்லிய இடம் இருக்கிறது என்பதை மற்ற நாட்களில் மறந்துவிடுகிறோம். தண்டபாணியின் கட்டைவிரல் தோலை மேலே இழுத்துப் பிடித்தது, கத்தி கீழே வந்தது, நுரையோடு எங்கேயோ போய்த் துடைக்கப்பட்டது, மறுபடி வந்தது. பேப்பரில் துடைக்கிற சத்தம் சரசரவென்று இருக்கும். இது வேறு மாதிரி, தடித்த ஏதோ ஒன்றில் இழுக்கிற சத்தம். "அந்தக் கறுப்புக் காருதான் காரணம்," என்று தேவசகாயம் தொடங்கியிருந்தார். "தொப்பம்பட்டிப் பக்கம் ஆக்சிடெண்ட் ஆன வண்டி. உள்ளயே ஒருத்தர் போயிட்டாருன்னு பேச்சு. பட்டப் பகல்ல, ஆளே இல்லாம, தானா ஹாரன் அடிக்குமாம்." "நானே கேட்டிருக்கறனுங்," என்றார் கொளந்தவேல், கொஞ்சமும் கூசாமல். அர்த்தநாரி கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கறுப்பு வண்டியைப் பற்றி அவரைவிட அதிகம் தெரிந்தவர் இந்த ஜில்லாவில் இல்லை. அதன் அட்டையை எழுதியவரே அவர்தான். எழுத்துக்கு எழுத்து இப்போதும் சொல்வார்: *மேற்படி வாகனத்தின் முன்பக்க இடது தகடு ஒரு முறை நசுங்கிப் பின் தட்டிச் சரிசெய்யப்பட்டது. ஓட்டுநர் இருக்கையின் அடியில் துரு உள்ளது. பேட்டரி இல்லை. இது விற்பவருக்குத் தெரியும்.* பேட்டரி இல்லை! பேட்டரி இல்லாத வண்டியில் ஹாரன் அடிக்கிற ஆவி, உயிரோடிருந்தபோது மின்சார வாரியத்தில் இருந்திருக்க வேண்டும். எழுதித்தான் வைத்திருந்ததே, கண்ணாடிக்கு மேலே, வைப்பரில் செருகி, ரோட்டில் போகிற எவனும் படிக்கிற மாதிரி கொட்டை எழுத்தில். படித்திருந்தால் இந்தப் பேச்சு வருமா? படிக்கவில்லை என்றால் எதற்காக எழுதினோம்? இந்த இடத்தில் நினைப்பு ஒரு முள்ளில் மாட்டிக்கொண்டது, வேட்டி முள்ளில் மாட்டுவது போல. இழுத்தால் கிழியும். இழுக்காமல் நின்றார்.

அட்டைகள் வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். வேலையை விட்டு ஓய்ந்த பின்பு, வீட்டில் சுவரைப் பார்த்துப் பேசிப் பேசிச் சுவரே பதில் சொல்லிவிடும் போலிருந்த காலம். பத்தரைக்கு நடந்து போய்ச் சென்னியப்பன் கடையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்வார். பதினொன்றேகால் வரை பேசுவார். டீ வரும். சென்னியப்பன் பருத்த மனிதர், நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் எப்போதும் நாலு சாவி. அவர் கேட்பார். அப்படிக் கேட்கிற ஒருவரை அர்த்தநாரி அதற்கு முன்னால் கண்டதில்லை. நடுவில் கேள்வி கேட்க மாட்டார், மணி பார்க்க மாட்டார், "அப்படீங்களா சார்" என்று சரியான இடத்தில் சொல்வார். ஒருநாள் பேச்சு விற்பனை ஒப்பந்தத்துக்கு வந்தது. தனக்குத் தெரிந்த குறையை மறைத்து ஒருவன் ஒரு பொருளை விற்றால் அதற்குப் பெயர் விற்பனை இல்லை, சென்னியப்பன், பச்சையாகச் சொன்னால் ஏமாற்று, என்று அர்த்தநாரி சொன்னார். தெரியாத குறை வேறு. தெரிந்த குறையை எழுதி வைத்துவிட வேண்டும், ஒவ்வொரு வண்டியிலும். சென்னியப்பன் சாவியை உள்ளங்கையில் குலுக்கினார். பிறகு, "நீங்களே எழுதிக் குடுங்க சார், எனக்கு அந்தளவுக்கு வராது," என்றார். அன்று அர்த்தநாரி வீட்டுக்கு நடந்து போகவில்லை, மிதந்து போனார். முப்பத்தோரு வருஷம் எழுதியிருக்கிறார். குறிப்பு, படிவம், சம்மன், நகல், நகலுக்கு நகல். நீதிபதிகள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக் கொடுப்பார். புள்ளியைத் தேடும் கண் மேலே உள்ள வரிகளைத் தொடாது. ஒருமுறை வேண்டுமென்றே ஒரு குறிப்பில் இரண்டாவது பத்தியும் மூன்றாவது பத்தியும் ஒன்றேயாக எழுதிப் பார்த்தார். கையெழுத்தாகி வந்தது. ஆனால் இந்த அட்டைகள் ரோட்டுக்கு நடுவே நிற்பவை. நல்ல தடிமனான வெள்ளை அட்டையாக, பழனி ரோட்டுக் கடையில் அவரே பொறுக்கி எடுத்தார், மையும் அவரே. இரண்டு வருஷம் வெயிலில் கிடந்தும் ஒரு அட்டை மஞ்சளிக்கவில்லை, ஒரு எழுத்து வெளிறவில்லை. மையின் தரம் என்று மகளிடம் போனில் கூடச் சொல்லியிருக்கிறார், அவள் "சரிப்பா" என்றாள், அவள் எல்லாவற்றுக்கும் அதையே சொல்வாள்.

முதல் வருஷம் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. நேர்மைக்கு இந்த ஊரில் இன்னும் விலை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். இரண்டாவது வருஷம் பாதியில் ஏதோ மந்தமாயிற்று. எப்போதாவது ஒன்று போய் ஒன்று வரும், மற்றபடி அதே வண்டிகள், அதே அட்டைகள், வாரம் மாறி வாரம். அவர் உட்கார்ந்திருக்கிற முக்கால் மணி நேரத்தில் ஒரு ஈ காக்கை வாங்க வராது. ஒரே ஒரு ஆள் வந்தார், காங்கயத்துக்காரர், வெள்ளைச் சட்டை, மனைவியோடு. முதல் அட்டையைப் படித்தார், இரண்டாவதைப் படித்தார், மூன்றாவதைப் படிக்கும்போது உதடு அசைந்தது, நாலாவதைப் படித்துவிட்டு மனைவியைப் பார்த்தார், மனைவி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார், இரண்டு பேரும் வந்த வழியே போனார்கள். சென்னியப்பன் ஒரு முறை அர்த்தநாரியைப் பார்த்தார், உடனே டீக்காரரைப் பார்த்து இரண்டு விரல் காட்டினார். அந்தப் பார்வையை அர்த்தநாரி வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருந்தார். பெங்களூருக்குக் கொண்டுபோனார். பதினோராவது மாடியில் மகள் வீட்டுப் பால்கனியில் நின்று, கீழே எறும்பு எறும்பாகப் போகிற புத்தம் புதுக் கார்களுக்கெல்லாம் மேலிருந்தே மனசுக்குள் அட்டை எழுதிக்கொண்டே அந்தப் பார்வையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் கோபம் இருந்ததா? அப்போதே இவராவது அந்த அட்டைகளைக் கழற்றி எறியச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அட்டை இல்லாத அந்தக் கடையில் அவர் யார்? ஓசி டீ குடிக்கிற ஒரு கிழவன். ஆக, தான் யாரோவாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு மனிதனின் வாழ்க்கையை முடித்துவிட்டார். இதுதான் வழக்கு, இதுதான் சாட்சியம், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் புள்ளி வைத்தாயிற்று.

"அதெல்லாம் இல்லப்பா. ரெய்டு," என்றார் தேவசகாயம், குரலைத் தணித்து, தணித்ததால் ரோடு வரைக்கும் கேட்டது. "மாசி மாசம் ஒரு வெள்ளைக் காருல நாலு பேரு வந்தாங்க. சட்டைய இன் பண்ணிட்டு. உள்ள போயி ஒரு மணி நேரம். வெளிய வர்றப்ப சென்னியப்பன் மூஞ்சில ரத்தமே இல்ல." வலது கன்னத்தில் கத்தி ஏறிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அர்த்தநாரி அந்த அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் சென்னியப்பனின் சகலையும் சகலையின் அண்ணன் தம்பிகளும். கொண்டுவந்தது கல்யாணப் பத்திரிகை, தட்டு, வெற்றிலைபாக்கு, அரைக் கிலோ லட்டு. அதில் ஒரு லட்டை இவரே தின்றார். முகத்தில் ரத்தமில்லாமல் போனது, மூத்த சகலையான தனக்கு முதலில் பத்திரிகை வைக்காததற்குச் சென்னியப்பன் பட்ட கோபத்தால். இதைச் சொல்ல வாயைத் திறந்தால் கத்தி. நேரில் கண்ட ஒரே சாட்சி சோப்பு நுரைக்குள் படுத்திருக்க, கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்த ஒரு இன்சூரன்ஸ் ஏஜெண்ட் தீர்ப்பு எழுதுகிறார். "ரெய்டெல்லாம் கெடையாதுங், பொள்ளாச்சில இன்னொரு குடும்பம்," என்றார் கொளந்தவேல். "அதுக்கு ரெண்டு புள்ளைங்க." "மூணுன்னு கேள்வி," என்றார் தேவசகாயம். ஒரு நிமிஷத்தில் இல்லாத பெண்ணுக்கு மூன்று பிரசவம். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இரண்டு கையையும் ஊன்றுகிற மனிதர் பொள்ளாச்சிக்கும் தாராபுரத்துக்கும் குடும்பம் நடத்தினாராம்! இந்த ஊர்க்காரர்களுக்குக் கற்பனை வளம் அதிகம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நாலே கதைகள்தான், யார் கடையை மூடினாலும் அந்த நாலில் ஒன்றை எடுத்துப் பெயரை மாற்றிக்கொள்வார்கள். ஆனாலும் ஒன்று அவரைக் குத்தியது. எட்டு வந்தது, செப்டிக் டேங்க் வந்தது, செத்தவன் ஹாரன் அடித்தான், பொள்ளாச்சிக்காரி மூன்று பெற்றாள். அட்டை வரவில்லை. பதினாலு அட்டை, கொட்டை எழுத்து, இரண்டு வருஷம். வாங்க வந்தவனையெல்லாம் விரட்டியடித்த அந்த அட்டைகளை, கண்ணுக்கெதிரே நின்ற அந்த ஒரே உண்மையான காரணத்தை, ஒருவர்கூடச் சொல்லவில்லை. தினமும் அங்கே போகிறவர் இதோ படுத்திருக்கிறாரே, இவரைக் கேட்போம் என்றுகூடத் தோன்றவில்லை. கேட்டுவிடுவார்களோ என்று பயந்துதான் வந்தார். இப்போது கேட்க மாட்டார்களோ என்று பயமாக இருந்தது.

இரண்டாம் சுற்று நுரை. பிரஷ் வட்டம் வட்டமாகப் போயிற்று, தூக்கம் வருகிற மாதிரி. சொல்லிவிடலாம். எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிதானமாக: கடை மூடியதற்குக் காரணம் நான். இல்லை, அப்படி ஆரம்பித்தால் ஒப்புதல் வாக்குமூலம் போலிருக்கும். இப்படி: நீங்கள் யாரும் கவனிக்காத ஒன்று உண்டு. இது நல்ல தொடக்கம். இதில் அவர்கள் முட்டாள்தனமும் வருகிறது, தன் குற்றமும் வருகிறது, எது முன்னால் வருகிறதென்று யாரும் பிரித்துப் பார்க்க முடியாது. பிறகு சென்னியப்பன் முகம் வந்தது, இரண்டு விரல் காட்டும் கை வந்தது, வாக்கியம் கலைந்துபோனது. அந்த மனிதர் எந்த ஊரில் எந்த அறையில் உட்கார்ந்து, போன் அடிக்க அடிக்க, திரையில் இவர் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்? என்ன பெயரில் போட்டிருப்பார்? 'சிரஸ்தார்' என்றா, 'அட்டை' என்றா? மோவாய்க்குக் கீழே, தொண்டைக் குமிழுக்கு மேலே, கத்தி நின்றது. எச்சில் விழுங்க வேண்டியிருந்தது. விழுங்காமல் இருந்தார். உலகத்தில் இந்த ஒரு விநாடி மட்டும், தான் செய்யாமல் இருப்பது ஒன்று தன்னைக் காப்பாற்றுகிறது.

நாற்காலி நிமிர்ந்தது. குளிர்ந்த தண்ணீர், படிகாரத்தின் எரிச்சல், மறுபடி கண்ணாடி, மறுபடி இடம் வலம் மாறிய மயிலேறி. "சுத்தமா இருக்குங்களா சார்?" என்று கேட்டுக்கொண்டே தண்டபாணி கத்தியைக் கடைசியாக ஒரு முறை இடது கையில் இருந்த அட்டையில் இழுத்தார். வெள்ளை அட்டை. தடிமனானது. உள்ளங்கை அகலத்துக்குக் கிழித்தது. நுரை வழிந்து இறங்க, அதனடியிலிருந்து கறுப்பு எழுத்துகள் ஒவ்வொன்றாக, வெளிறாமல், மங்காமல் எழுந்து வந்தன. *பின்பக்கக் கதவு உள்ளிருந்து திறக்காது. இது விற்பவருக்குத்.* அந்த இடத்தில் கிழிந்திருந்தது. 'த்' மேலிருந்த புள்ளியில் அர்த்தநாரியின் நரைத்த தாடி மயிர் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது எப்படி உங்ககிட்ட வந்துச்சு?" தன் குரல் தனக்கே சிரஸ்தார் குரலாகக் கேட்டது.

தண்டபாணி கையைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கோங் சார். போறப்ப சென்னியப்பண்ணன் கட்டாக் குடுத்துட்டுப் போனாருங். சார் வந்தா குடுத்துருங்க, தூக்கிப் போட மனசு வரலன்னாரு. நீங்கதான் இங்க வர்றதில்லைங்களே. ஒண்ணு ரெண்டு நனைஞ்சு போச்சு, அதை மட்டுந்தான்... மத்ததெல்லாம் அப்படியே இருக்குது." அலமாரியைத் திறந்து, பவுடர் டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து ரப்பர் பேண்டு போட்ட அட்டைக் கட்டு ஒன்றை எடுத்தார்.

"புதுசா இருக்குதே," என்றார் தேவசகாயம் எட்டிப் பார்த்து.

"ரெண்டு வருஷ வெயில்," என்றார் அர்த்தநாரி. இந்த நேரத்திலும் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "மையின் தரம்."

"வெயிலெங்கங் சார் பட்டுது?" என்றார் கொளந்தவேல். தண்டபாணி வேண்டாம் என்பது போல் கண்ணாடி வழியாகக் கண்ணைச் சிமிட்டினார். கொளந்தவேலுக்கு அதெல்லாம் எட்டவில்லை. "நீங்க வர்றப்ப மாட்டறது, போனதும் கழட்டறதுதானுங். பத்தரைக்கு நீங்க பெருமாள் கோயில் முக்கு திரும்புவீங்க. நான் கடைல இருந்து சவுண்டு குடுப்பேன், 'அண்ணா, சிரஸ்தாரு வர்றாரு'ன்னு. மனுசன் அந்த ஒடம்பைத் தூக்கிட்டு வண்டி வண்டியா ஓடுவாரு. லேட்டாச்சுன்னா நானும் ரெண்டு மூணு செருகிக் குடுப்பேன். வாங்கற பார்ட்டியெல்லாம் பதினொன்றரைக்கு மேல வாங்கன்னு சொல்லிருவாருங். காங்கயத்துல இருந்து ஒருத்தரு தெரியாம முன்னாடியே வந்துட்டாரு பாருங், அன்னைக்குப் பட்ட பாடு! மத்தியானமா கூப்பிட்டுச் சமாதானம் பண்ணி, அதே வண்டியத்தான் குடுத்தாரு."

விசிறி சுற்றியது.

"எதுக்கு?" என்றார் அர்த்தநாரி.

கொளந்தவேலுக்குக் கேள்வியே புரியவில்லை. தண்டபாணிதான் சொன்னார், துண்டை உதறி மடித்துக்கொண்டே: "உங்க மனசு சங்கடப்படக் கூடாதுன்னுதானுங் சார். இவ்வளவு அழகா எழுதிட்டு வர்றாரு, வேண்டாம்னு எப்படிச் சொல்றதுன்னு எங்கிட்டயே கேட்டிருக்காரு. நாங்களும் அதைப் பத்தி யாரும் பேசிக்கிறதில்ல."

ஆக ஊருக்கே தெரியும். பெஞ்சுக்குத் தெரியும், டயருக்குத் தெரியும், ஒருவேளை டீக்காரருக்கும் தெரியும். அவர் பெருமாள் கோயில் முக்கைத் திரும்பும்போதெல்லாம் ஒரு தெரு முழுக்கப் பரபரத்து, மூச்சு வாங்கி, ஒழுங்காகி, நேர்மையாகி, அவர் போன பின்பு தன் பழைய குணத்துக்குத் திரும்பியிருக்கிறது, இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பெரிய ஜட்ஜ் வரும் நாளில் கோர்ட் ஆபீஸ் ஆவது போல. அந்த நாட்களில் அலமாரிக் கதவுகளை மூடவைத்தவர் அவர்தானே. கையில் கட்டோடு அவர் சலூன் படி இறங்கினார். குற்றவாளி இல்லை. இதை நினைத்து நெஞ்சு லேசாக வேண்டும். அவர் ஒரு நிமிஷம் நின்று காத்துப் பார்த்தார், ஆகவில்லை. ஒரு மனிதனின் கடையை மூடவைத்த பாவம் போய்விட்டது. அது போன இடத்தில் ஒன்றுமே இல்லை. கடையை மூடவைக்கவும் இல்லை, திறந்துவைக்கவும் இல்லை. புள்ளியைத் தேடும் கண் இம்முறையும் மேலே உள்ள வரிகளைத் தொடவில்லை. உள்ளே கொளந்தவேல் மறுபடி ஆரம்பித்துவிட்டார், பொள்ளாச்சிக் குழந்தைகளில் ஒன்று இப்போது காலேஜ் படித்துக்கொண்டிருந்தது. இந்த மடையர்கள்! இவர்களை இரண்டு வருஷம் முட்டாள்கள் என்று நினைத்திருக்கிறார். அவர்களோ இரண்டு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்கள், இந்த ஊரில், இந்தப் பெஞ்சில். அவ்வளவு பெரிய ரகசியத்தைக் காக்க இவர்களால் முடியும் என்பது, முட்டாள்தனத்தைவிடப் பெரிய அவமதிப்பாகப் பட்டது. மன்னிக்க வழியே இல்லை.

ரோட்டைத் தாண்டி ஷட்டருக்கு முன்னால் வந்து நின்றார். எண்ணெய்க் கறைகள். இந்தக் கறை கறுப்பு வண்டி, இது பின்கதவு திறக்காத வெள்ளை. சென்னியப்பன் இங்கே, சரியாக இங்கே, முன்பக்கத் தகட்டின் மேல் வயிற்றை அழுத்திக்கொண்டு, கையை நீட்டி, வைப்பரைத் தூக்கி, அட்டையைச் செருகியிருப்பார். அடுத்த வண்டி. அடுத்தது. பதினாலு. பின்பு ஒரு டீ, முக்கால் மணி நேரம் ஒப்பந்தச் சட்டம், பின்பு மறுபடி பதினாலு. ஒரு நாளைக்கு இருபத்தெட்டு. ஞாயிறு கழித்து இரண்டு வருஷத்துக்கு அறுநூறு நாள். இருபத்தெட்டை அறுநூறால் பெருக்கினால் பதினாறாயிரத்து எண்ணூறு. பதினாறாயிரத்து எண்ணூறு தடவை, அந்த உடம்பு, குனிந்து நிமிர்ந்திருக்கிறது. அர்த்தநாரியின் உள்ளே எங்கேயோ ஒரு சிறிய கதவு, உள்ளிருந்து திறக்காது என்று அவரே எழுதியது போன்ற ஒன்று, திறந்தது. *குனிஞ்சு நிமிர முடியல தண்டபாணி, போதும்.* தண்டபாணி சொன்னபோது யார் சிரித்தார்கள்? எல்லோரும். யார் செல்லாது என்றார்? அப்படியென்றால். நிதானம், நிதானம். ஒருவருக்கு இடுப்பு வலி வந்தது. இடுப்பு வலிக்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்துக்கு ஒரு கையெழுத்து உண்டு. அந்தக் கையெழுத்து இதோ, கட்டாக, கையில். எட்டாம் எண்ணைவிட, செப்டிக் டேங்கைவிட, பொள்ளாச்சியைவிட மட்டமான வாதம் இது என்று அவருக்குள் இருந்த சிரஸ்தார் முனகினார். அவரை உட்காரச் சொன்னார் அர்த்தநாரி. ஆனால் நேரடிச் சாட்சி இல்லையே. ஷட்டருக்கும் தரைக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. கட்டிலிருந்து மேலே இருந்த அட்டையை, கறுப்பு வண்டியின் அட்டையை, உருவினார். உள்ளே போட்டுவிடலாம். யாருக்கென்று தெரியவில்லை, என்றைக்காவது திறக்கிறவருக்கு. குனிந்தார். அட்டை பாதி உள்ளே போயிற்று, ஏதோ தடுத்தது, இன்னும் கொஞ்சம் குனிந்து தள்ளினார், அப்போது இடுப்பில், நடு எலும்புக்கு இடது பக்கம், பளீரென்று ஒன்று வெட்டியது. மூச்சு நின்றது. நிமிர முடியவில்லை.

"என்னங் சார்," எதிர்ச்சாரியிலிருந்து கொளந்தவேலின் குரல், "புடிச்சுக்கிச்சுங்களா? இருங், வர்றன்!"

அர்த்தநாரி ஒரு கையைப் பின்னால் நீட்டி, அவசரமில்லை என்று காட்டினார். பதினாறாயிரத்து எண்ணூற்று ஒன்று. வலி முதுகில் ஏறி, கழுத்துக்கு வந்து, புதிதாகச் சவரம் செய்த கன்னத்தில் வியர்வையாக அரும்பிற்று. அதைத் துடைக்காமல், தலை கீழாக, அப்படியே நின்றார். அவருக்கு எதிரே, ஷட்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அட்டையில், நல்ல மையில், முதல் தடவையாக, கழற்றுவார் இல்லாமல், வெயில் பட்டுக்கொண்டிருந்தது: *இது விற்பவருக்குத் தெரியும்.*